ஜி.எஸ்.டி. சாலையில் உலக அரசியல்: தாம்பரம் வட்டாரமும் பாலினக் கருத்தாக்கங்களும்

உலக அரசியல் என்றால் போர், ஒப்பந்தம், தூதரகம், வல்லரசுகளின் போட்டி என்றே நீண்ட காலம் எழுதப்பட்டு வந்தது. அந்த வரலாற்றில் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்ற கேள்வி 1980களில் வலுப்பெற்றது. அமெரிக்க அரசியல் அறிஞர் சிந்தியா என்லோ 1989இல் வெளியிட்ட நூலில், ராணுவத் தளங்கள், வாழைத் தோட்டங்கள், சுற்றுலாத் தலங்கள், ஆடைத் தொழிற்சாலைகள் ஆகிய இடங்களில் பெண்கள் செய்யும் வேலையைக் கணக்கில் எடுக்காமல் நாடுகளுக்கிடையிலான உறவுகளைப் புரிந்துகொள்ள முடியாது என்று வாதிட்டார். ஜே. ஆன் டிக்னர் 1992இல் எழுதிய நூல், பாதுகாப்பு என்ற சொல் யாருடைய பாதுகாப்பைக் குறிக்கிறது என்று கேட்டது. 'பாலினமும் உலக அரசியலும்' என்ற ஆய்வுத்துறை இவ்வாறு உருவானது.

இத்துறையின் அடிப்படைக் கருத்தாக்கங்களுக்கு எடுத்துக்காட்டுகள் சென்னையின் தெற்குப் புறநகரிலேயே கிடைக்கின்றன. பரங்கிமலையிலிருந்து தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி, மின்சார ரயிலில் அரை மணிக்கும் குறைவான தூரத்தில் மூன்று வளாகங்கள் உள்ளன: ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாதமி, மெப்ஸ் எனப்படும் ஏற்றுமதி மண்டலம், தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக மருத்துவமனை. உற்பத்தி, பாதுகாப்பு, உடல்நலம் ஆகிய மூன்று துறைகளிலும் உலக அளவிலான முடிவுகள் இந்த வட்டாரப் பெண்களின் வாழ்க்கையை எவ்வாறு மாற்றின என்பதை இவற்றின் வரலாறு காட்டுகிறது.

சொற்கள்

பால் என்பது உடற்கூறு சார்ந்தது. பாலினம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரு சமூகம் வகுத்துத் தரும் வேலை, குணம், இடம், மதிப்பு ஆகியவற்றைக் குறிப்பது. இந்த வேறுபாட்டைப் பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஆன் ஓக்லி 1972இல் வெளியான தம் நூலில் விரிவாக நிறுவினார். தமிழில் இதற்கான கலைச்சொல் ஒரே வடிவில் நிலைபெறவில்லை. தமிழ்நாட்டில் 'பாலினம்' என்பது பரவலாக வழங்குகிறது. இலங்கைத் தமிழில் 'பால்நிலை' என்ற சொல்லும் வழக்கில் உள்ளது. தமிழ் இலக்கணத்தின் ஐந்து பால்களில் ஆண்பால், பெண்பால் மட்டுமல்லாமல் பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் ஆகியவையும் அடங்கும். அங்கு பால் என்பது பொதுவாகப் 'பகுப்பு' என்ற பொருளையே தருகிறது. பாலினம் பற்றிய ஆய்வும் ஒரு பகுப்பைப் பற்றியதுதான். அந்தப் பகுப்பைச் செய்தவர் யார், அதனால் பயன் பெறுபவர் யார் என்பதே அதன் கேள்வி.

பாலினம் தனியாக இயங்குவதில்லை. சாதி, வர்க்கம், மொழி, மணநிலை ஆகியவற்றோடு பின்னியே இயங்குகிறது. ஒரே பெண்மீது பல ஒடுக்குமுறைகள் ஒருசேரச் செயல்படுவதை 'ஊடுவெட்டுத் தன்மை' என்பர். கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இக்கருத்தை முன்வைத்தார். பாலினம் என்பது ஆண், பெண் என்ற இரண்டோடு முடிவதும் இல்லை. தமிழ்நாடு அரசு 2008இல் திருநங்கையர் நல வாரியத்தை அமைத்தது. உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று மூன்றாம் பாலினத்தவரின் சட்ட உரிமையை ஏற்றது.

ஏற்றுமதி மண்டலத்தின் தோற்றம்

வரிச் சலுகையுடன் ஏற்றுமதிக்காக மட்டுமே பொருள் உற்பத்தி செய்யும் தனி வளாகம் என்ற முறை, 1959இல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையப் பகுதியில் தொடங்கியது. இந்தியாவின் முதல் ஏற்றுமதி மண்டலம் 1965இல் கண்ட்லாவிலும், அடுத்தது 1973இல் மும்பை சாந்தாகுரூசிலும் அமைந்தன. 1980களில் மேலும் சில மண்டலங்கள் அறிவிக்கப்பட்டபோது, 1984இல் சென்னை ஏற்றுமதி மண்டலம் தாம்பரம் சானடோரியத்தில் சுமார் 262 ஏக்கரில் நிறுவப்பட்டது. ஜி.எஸ்.டி. சாலை, 1931 முதல் இயங்கிவரும் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் பாதை, அருகிலேயே மீனம்பாக்கம் விமான நிலையம் ஆகியவை இந்த இடத்திற்குச் சாதகமாக இருந்தன. 2003 ஜனவரி 1 முதல் இது சிறப்புப் பொருளாதார மண்டலமாக மாற்றப்பட்டது. மின்னணுப் பொருள், ஆயத்த ஆடை, தோல் பொருள், பொறியியல் உதிரிபாகம், பின்னாளில் மென்பொருள் எனப் பல தொழில்கள் இங்கு இயங்கின.

உலகெங்கும் இத்தகைய மண்டலங்களில் ஆடை தைக்கவும் மின்னணுப் பாகங்களைப் பொருத்தவும் அமர்த்தப்பட்டோரில் பெரும்பான்மையினர் இளம்பெண்கள். மெக்சிகோ எல்லை, மலேசியாவின் பினாங்கு, இலங்கையின் கட்டுநாயக்க, வங்கதேசத்தின் டாக்கா என எங்கும் இதே நிலைதான். பொருளியலாளர் கை ஸ்டாண்டிங் 1989இல் இதை 'உழைப்பின் பெண்மயமாதல்' என்று குறிப்பிட்டார். பெண்கள் அதிக அளவில் வேலைக்கு வருவது இதன் ஒரு பொருள். முன்பு பெண்களின் வேலைக்கே உரியவையாக இருந்த குறைந்த கூலி, நிலையற்ற பணி, ஒப்பந்தமுறை ஆகியவை ஆண்கள் செய்யும் வேலைக்கும் பரவுவது இன்னொரு பொருள்.

'நளின விரல்கள்'

பெண்களை ஏன் அமர்த்துகிறார்கள் என்ற கேள்விக்கு முதலாளிகளும் அரசுகளும் பொதுவாகச் சொன்ன விடை, பெண்களின் விரல்கள் இயற்கையிலேயே நளினமானவை, அவர்களுக்குப் பொறுமை அதிகம் என்பதாகும். டயன் எல்சன், ரூத் பியர்சன் ஆகிய இருவரும் 1981இல் எழுதிய கட்டுரையில் இந்த விளக்கத்தை மறுத்தனர். விரல்களின் லாவகம் பிறப்பில் வருவதன்று. சிறு வயது முதல் வீட்டில் தாயிடமும் பாட்டியிடமும் பெற்ற பயிற்சியால் வருவது. அந்தப் பயிற்சிக்குச் சான்றிதழ் இல்லை. கட்டணம் செலுத்திப் பெற்றதும் இல்லை. ஆகவே அது திறமையாக எண்ணப்படாமல் 'இயல்பு' ஆகிவிடுகிறது. திறமை இல்லாத வேலை என்று வகைப்படுத்தினால் கூலியையும் குறைத்துக் கொடுக்கலாம்.

இதைத் தமிழ்ச் சூழலில் பொருத்திப் பார்ப்பது எளிது. 'தையல்' என்ற சொல்லுக்கே பெண் என்ற பொருளும் உண்டு. வீட்டில் கிழிந்ததைத் தைப்பது பெண்ணின் கடமை. கடைத்தெருவில் தையல் இயந்திரம் போட்டு உட்கார்ந்தவர் பெரும்பாலும் ஆண். ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் இந்தப் பகுப்பு புதிய பெயர்களைப் பெற்றது. துணி வெட்டுபவர் 'கட்டிங் மாஸ்டர்'. வரிசையை மேற்பார்ப்பவர் 'சூப்பர்வைசர்'. இவ்விடங்களில் பெரும்பாலும் ஆண்கள். இயந்திரத்தில் அமர்பவர் 'டெய்லர்', நூல் பிசிறு வெட்டி அடுக்குபவர் 'ஹெல்பர்', சரிபார்ப்பவர் 'செக்கர்'; இவ்விடங்களில் பெரும்பாலும் பெண்கள். ஒரு சட்டையை முழுவதும் தைப்பவர் எவரும் இல்லை. ஒருவர் காலரை மட்டும், இன்னொருவர் கைப்பட்டியை மட்டும் தைப்பார். மணிக்கு இத்தனை 'பீஸ்' என்ற டார்கெட், வேலையை மட்டுமல்லாமல் தண்ணீர் குடிக்கும் நேரத்தையும் கழிப்பறைக்குச் செல்லும் நேரத்தையும் வரையறுக்கிறது.

விலை எங்கே முடிவாகிறது

இந்த டார்கெட்டைத் தாம்பரத்திலோ பல்லாவரத்திலோ உள்ள மேற்பார்வையாளர் தன் விருப்பப்படி வைப்பதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள வணிகப் பெயர்கள் விலையையும் கெடுவையும் முடிவு செய்கின்றன. உள்ளூர் ஏற்றுமதியாளர் அந்த விலைக்குள் வேலையை முடிக்க வேண்டும். சுமை இறுதியில் வரிசையில் அமர்ந்திருக்கும் பெண்மீது இறங்குகிறது. இந்த அமைப்பை 'உலகளாவிய மதிப்புச் சங்கிலி' என்பர். நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்களும் இதில் பங்கு வகித்தன. 1974 முதல் 2004 இறுதிவரை நடைமுறையில் இருந்த பல்நார் ஒப்பந்தம், ஒவ்வொரு நாடும் எவ்வளவு ஆடை ஏற்றுமதி செய்யலாம் என்று ஒதுக்கீடு வைத்திருந்தது. 2005 ஜனவரி 1 அன்று ஒதுக்கீடு முடிவுக்கு வந்தபின், விலையைக் குறைக்கும் போட்டி தீவிரமடைந்தது. ஜெனீவாவில் எடுக்கப்பட்ட வணிக முடிவு தையல் வரிசையின் வேகத்தை மாற்றியது.

கூலிக் கணக்கும் இதனோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. தமிழ்நாட்டு ஆடைத் தொழிலாளரின் குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தும் அரசின் முயற்சிகள் முதலாளிகளின் வழக்குகளால் தடைப்பட்டு வந்தன. 2014ஆம் ஆண்டின் ஊதிய உயர்வைச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் உறுதி செய்தது. ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த உயர்வு அது. உயர்வு வராத ஆண்டுகளில் அரிசி விலையும் வாடகையும் ரயில் சீசன் டிக்கெட்டும் நின்றுவிடவில்லை என்பதை நினைத்தால், தாமதமும் ஒருவகை ஊதியக் குறைப்பே என்பது விளங்கும்.

சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் தொழிலாளர் சட்டங்கள் செல்லாது என்ற கருத்து பரவலாக உண்டு. அது சரியன்று. 2005ஆம் ஆண்டின் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் மத்திய அரசுக்குப் பல விலக்கு அதிகாரங்களை வழங்கினாலும், தொழிற்சங்கம், தொழில் தகராறு, தொழிலாளர் நலம் ஆகியவை குறித்த சட்டங்களை அந்த அதிகாரத்திலிருந்து விலக்கி வைத்துள்ளது. உண்மையான தடை நடைமுறையில் உள்ளது. வாயிற் சீட்டு இல்லாமல் உள்ளே செல்ல முடியாத வளாகத்தில் சங்க ஊழியர் தொழிலாளரைச் சந்திப்பது கடினம். இதனால் சங்க வேலை வாயிலுக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்திலும் ரயில் நிலையத்திலும் வாடகை வீடுகளிலும் நடந்தது. சென்னையை மையமாகக் கொண்ட பெண் தொழிலாளர்கள் சங்கம், பெண்களே தலைமை ஏற்கும் அமைப்பாக இந்தக் காலத்தில்தான் உருவானது. ஊதியத்தோடு பாலியல் துன்புறுத்தல், வீட்டு வன்முறை, குழந்தைக் காப்பகம் ஆகியவற்றையும் தொழிற்சங்கப் பிரச்சினைகளாக எழுப்பியது இத்தகைய அமைப்புகளின் தனித்தன்மை.

இரவு வேலை: பாதுகாப்பா, தடையா?

பாலினமும் சட்டமும் பற்றிய விவாதங்களில் மிகப் பழையது இரவு வேலை பற்றியது. 1919இல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, தொழிற்சாலைகளில் பெண்களின் இரவு வேலையைத் தடை செய்யும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இரவு என்பதில் 10 மணி முதல் காலை 5 மணி வரையிலான நேரம் கட்டாயம் அடங்க வேண்டும் என்றது. அதே வரம்பு இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவிலும் காணப்பட்டது. பெண்கள் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை மட்டுமே வேலை செய்யலாம் என்றிருந்தது. மாநில அரசு இதைத் தளர்த்தினாலும் இரவு 10 முதல் காலை 5 வரை அனுமதிக்கக் கூடாது என்பது அந்த விதியாக இருந்தது.

இந்த விதி பெண்ணைக் காக்கிறதா, அவளுடைய வேலை வாய்ப்பைப் பறிக்கிறதா என்ற கேள்வி எழுந்தது. 'வசந்தா எதிர் இந்திய ஒன்றியம்' வழக்கில் 2000 டிசம்பரில் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், இரவு வேலைத் தடை அரசியலமைப்பின் சமத்துவப் பிரிவுகளுக்கு முரணானது என்று கூறி ரத்து செய்தது. ஆனால் தடையை நீக்கியதோடு நிற்கவில்லை. போக்குவரத்து வசதி, ஓய்வறை, பாலியல் துன்புறுத்தலிலிருந்து காப்பு, பெண்களைக் குறைந்தது பத்துப் பேர் கொண்ட குழுவாக அமர்த்துதல் முதலிய நிபந்தனைகளையும் விதித்தது. 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும், பெண்ணின் சம்மதத்துடன் இரவு வேலையை அனுமதிக்கிறது.

'சம்மதம்' என்ற சொல்லை எப்படிப் பொருள்கொள்வது என்பதே இப்போதைய சிக்கல். வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் தரும் கையெழுத்தும் சம்மதமாகவே பதிவாகிறது. முறையான சமத்துவம், மெய்யான சமத்துவம் என்ற இரண்டு கருத்தாக்கங்களின் வேறுபாடு இங்குதான் தெளிவாகிறது. இருவருக்கும் ஒரே விதி என்பது முறையான சமத்துவம். இரவு 2 மணிக்கு ஷிஃப்ட் முடித்த பெண் அச்சமின்றி வீடு சேர்வதும், காலையில் சமையல் வேலை முழுவதும் அவள் தலையில் விழாதிருப்பதும் மெய்யான சமத்துவம்.

பரங்கிமலை: பாதுகாப்பு என்ற சொல்

பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி நிலையம் 1963இல், சீனப் போருக்கு அடுத்த ஆண்டு தொடங்கப்பட்டது. அதுவரை ராணுவத்தில் பெண்களுக்கு மருத்துவமும் செவிலியப் பணியுமே திறந்திருந்தன. 1992 செப்டம்பரில் மற்றப் பிரிவுகளுக்கான 25 பெண்கள் கொண்ட முதல் அணி இங்கு பயிற்சியில் சேர்ந்து, 1993 மார்ச்சில் அதிகாரிகளாக வெளியேறியது. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது குறுகிய காலப் பணி. நிரந்தரப் பணி கோரிய வழக்கில், பெண்களின் உடல்வலு, தாய்மை, கிராமப்புறச் சிப்பாய்களின் மனப்பாங்கு ஆகியவற்றை அரசுத் தரப்பு காரணம் காட்டியது. 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் இவற்றைப் பாலின முன்முடிவுகள் என்று நிராகரித்தது.

ராணுவத்தில் பெண்கள் சேர்வதே பாலினச் சமத்துவமா என்பது பெண்ணியவாதிகளிடையே முடிவாகாத விவாதம். சம வாய்ப்பு வேண்டும் என்பது ஒரு தரப்பு. ராணுவ மதிப்பீடுகள் பொது வாழ்க்கை முழுவதும் பரவும் 'ராணுவமயமாதல்' பெண்கள் சேர்வதால் குறையாது என்பது என்லோ போன்றோரின் தரப்பு. ஐ.நா. பாதுகாப்பு அவை 2000 அக்டோபர் 31 அன்று நிறைவேற்றிய 1325ஆம் தீர்மானம், அமைதிப் பேச்சுகளிலும் அமைதிப் படைகளிலும் பெண்கள் பங்கேற்க வேண்டும் என்றது. 2007இல் லைபீரியாவுக்கு முழுவதும் பெண்களைக் கொண்ட காவல் அணியை அனுப்பிய முதல் நாடு இந்தியா.

பரங்கிமலை அகாதமி இன்னொரு நிகழ்வாலும் உலக அரசியலோடு தொடர்பு பெறுகிறது. 2017 டிசம்பரில் ஆப்கானிஸ்தானின் பாதுகாப்புப் படைகளைச் சேர்ந்த 20 பெண்கள் இங்கு பயிற்சி பெற்றனர். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அணிகள் வந்தன. 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் ஆட்சியைக் கைப்பற்றியதும் அத்தகைய பெண்களுக்கு அங்கு பணியே இல்லாமல் போயிற்று. பெண்களின் முன்னேற்றம் ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையின் அடையாளமாக மட்டும் இருக்கும்போது, அந்தக் கொள்கை சரிந்தால் பெண்களே முதலில் விலை கொடுக்கிறார்கள் என்பதற்கு இது சான்று.

சானடோரியம்: நோயும் பழியும்

தாம்பரத்தில் காசநோய்க்கான சானடோரியத்தை மருத்துவர் சௌரிமுத்து 1928இல் தொடங்கினார். அந்த ரயில் நிலையத்தின் பெயரும் அதனால் வந்தது. பின்னர் அரசு மருத்துவமனையான அது, 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. மற்ற மருத்துவமனைகள் இந்நோயாளிகளைத் திருப்பி அனுப்பிய காலம் அது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகளின் வழியே அது வெளிப்பட்டது. மாதிரிகள் காப்பு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடமிருந்து பெறப்பட்டவை. அறிவியல் நோக்கில் அது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் சமூகம் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், 'இந்த நோய் இத்தகைய பெண்களுடையது' என்பதாக இருந்தது. அவர்களிடம் வந்து சென்ற ஆண்களைச் சமூகம் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பிந்தைய ஆண்டுகளில் கணவரிடமிருந்து தொற்றுப் பெற்ற இல்லத்தரசிகள் பலர் மருத்துவமனைக்கு வந்தபோது, தாலி பாதுகாப்பு அல்ல என்பது வெளிப்பட்டது. கணவர் இறந்தபின் சொத்து மறுக்கப்பட்டு, குழந்தையோடு வெளியேற்றப்பட்ட பெண்களின் பிரச்சினைகளை முன்னிறுத்தி, தொற்றுள்ள பெண்களே 1998இல் சென்னையில் தங்களுக்கென ஓர் அமைப்பை உருவாக்கினர்.

மருந்தின் விலை உலக அரசியலின் இன்னொரு களம். 1995இல் நடைமுறைக்கு வந்த டிரிப்ஸ் ஒப்பந்தம் மருந்துக் காப்புரிமையை உலகெங்கும் கடுமையாக்கியது. 2001 பிப்ரவரியில் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சையை நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்தது. அதே ஆண்டு நவம்பரில், பொதுச் சுகாதாரத்திற்காகக் காப்புரிமையைத் தளர்த்தும் உரிமை நாடுகளுக்கு உண்டு என்று தோகா அறிவிப்பு உறுதி செய்தது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு எட்டு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, தாம்பரம் அவற்றுள் ஒன்றாக இருந்தது. கையில் பணமும் பெயரில் நிலமும் இல்லாத பெண்ணுக்கு அந்த 'இலவசம்' என்ற சொல்லே உயிர்.

கணக்கில் வராத வேலை

மேற்கண்ட மூன்று வளாகங்களுக்கும் பொதுவான இன்னொரு கருத்தாக்கம் 'சமூக மறுஉற்பத்தி'. தொழிலாளி நாளை மீண்டும் வேலைக்கு வரும் அளவுக்கு அவருக்குச் சோறு சமைப்பது, துணி துவைப்பது, நோயில் பார்த்துக்கொள்வது, அடுத்த தலைமுறையை வளர்ப்பது ஆகிய வேலைகளை இது குறிக்கும். இவை இல்லாமல் எந்த ஆலையும் ஓடாது. ஆனால் நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் இவை சேர்வதில்லை.

தமிழ்நாட்டின் அண்மைக் கால அரசுத் திட்டங்கள் சில இந்த இடத்தைத் தொடுகின்றன. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்பட்டது. அதற்கு 'உதவித் தொகை' என்று பெயரிடாமல் 'உரிமைத் தொகை' என்று பெயரிட்டது, வீட்டு வேலையும் உழைப்பே என்ற கருத்தை ஏற்பதாகும். தாம்பரத்தில் பணிபுரியும் மகளிருக்கான 'தோழி' விடுதி 2023இல் திறக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் மின்னணு ஆலைப் பெண்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வெளியூர்ப் பெண்ணுக்கு விடுதி பாதுகாப்பையும் தனி வருமானத்தையும் சாத்தியமாக்குகிறது. அதே விடுதி ஆலையின் நீட்சியாகி, அவளுடைய வேலைக்குப் பிந்தைய நேரத்தையும் கண்காணிக்கும் இடமாக மாறக்கூடும். 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்ற ஸ்ரீபெரும்புதூர் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்துப் போராடியது, உணவும் தங்குமிடமும் தொழிலாளர் உரிமையின் பகுதி என்பதைப் பலருக்கும் உணர்த்தியது.

பிரதிநிதித்துவம்

2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியின் மேயர் பதவி, பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. 2022 மார்ச்சில் க. வசந்தகுமாரி அதன் முதல் மேயராகப் பொறுப்பேற்றார். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் என்ற சட்டத்திற்குப் பின் நடந்த தேர்தல் அது. எண்ணிக்கையில் இடம் பெறுவது ஒன்று. அந்த இடத்திலிருந்து தெருவிளக்கு, கழிப்பறை, குழந்தைக் காப்பகம், இரவுப் பேருந்து ஆகியவற்றை முடிவு செய்யும் அதிகாரம் பெறுவது மற்றொன்று. முதலாவதை 'விவரிப்புப் பிரதிநிதித்துவம்' என்றும் இரண்டாவதை 'மெய்ப் பிரதிநிதித்துவம்' என்றும் அரசியல் அறிஞர்கள் பிரிப்பர்.

ஒரு வணிக ஒதுக்கீடு முடிவதும், ஒரு தீர்ப்பு வருவதும், ஒரு மருந்தின் விலை இறங்குவதும் தையல் வரிசையில் அமர்ந்திருக்கும் பெண்ணின் ஒரு நாளை மாற்றுகின்றன. அந்த முடிவுகள் எடுக்கப்படும் அவைகளில் அவளுக்கு இடம் உண்டா என்பதே பாலினமும் உலக அரசியலும் என்ற துறை எழுப்பும் அடிப்படைக் கேள்வியாகும்.